ஏற்காட்டுக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் கார்: கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கோளாறு மலைமேல், மெக்கானிக் மலைக்குக் கீழே. இந்த வேலையில் முதல் சிக்கலே இதுதான். காலை ஆறரைக்கு நாகலூரில் பத்து நிமிஷம் செல்ஃப் அடித்துத் திணறிய வண்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் அஸ்தம்பட்டி வருவதற்குள் நன்றாகச் சூடேறியிருக்கும். மெக்கானிக் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும். "நல்லாத்தானே ஸ்டார்ட் ஆகுது, என்னங்க பிரச்சினை?" என்பார். நாம் விழிப்போம். அப்புறம் ஒரு பேட்டரி, ஒரு டீசல் ஃபில்டர், நாலு ஹீட்டர் பிளக் என்று வாங்கி மாட்டிக்கொண்டு மேலே வருவோம். மறுநாள் காலை அதே கர் கர் கர்.

ஆகவே சோதனையை மலைமேல் நீங்களேதான் செய்ய வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் முடியும். எட்டு மணி நேரம் நின்று குளிர்ந்த எஞ்சினை ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய சாட்சியம் அதோடு போயிற்று. கீழே சொல்லும் வரிசை இந்த ஒரு காரணத்துக்காகவே இப்படி அமைந்திருக்கிறது.

1. உங்கள் எஞ்சின் எந்த ரகம்?

இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு: பழைய இண்டிகா, குவாலிஸ், சுமோ, டீசல் அம்பாசடர் போன்றவை. இவற்றில் பெரும்பாலானவற்றில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்படாது. சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஒரு சின்ன முன்னறைக்குள் பீச்சப்படும். அந்த அறையின் சுவர் சில்லென்று இருந்தால் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் அறைக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் பழைய எஞ்சின்கள் சிலவற்றில் ஹீட்டர் பிளக்கே இருக்காது. உங்களுடையது அந்த ரகம் என்றால் ஏழாம் பகுதியைத் தாண்டிவிடலாம்.

காமன் ரெயில் வண்டி (டீசல் பீச்சலைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது ரகம்) வைத்திருப்பவர்கள் பேட்டரி, செல்ஃப் பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் பைப் எதையும் தளர்த்தாதீர்கள். ஓடும்போது அதில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்), மீதியை வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர்தான் சொல்ல வேண்டும்.

2. குளிர் எவ்வளவு, அது என்ன செய்கிறது?

டிசம்பர், ஜனவரி விடிகாலையில் ஏற்காட்டில் 12, 13 டிகிரி சாதாரணம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நசுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. உள்ளே இழுக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறங்கினால், நசுக்கிய பிறகு கணக்குப்படி ஏறக்குறைய 50 டிகிரி குறைந்துபோகும். போதாததற்கு 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைவு. இரண்டும் சேர்ந்தாலும் நல்ல நிலையில் உள்ள எஞ்சினை அவை நிறுத்தாது. சேலத்தில் 20 டிகிரியில் தட்டுத் தடுமாறிச் சமாளித்துக்கொண்டிருந்த ஒரு பலவீனம் இங்கே வந்து அம்பலமாகிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு "டீசல் உறைஞ்சிருக்கும், கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்தலாமா?" என்று கேட்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேராவது உண்டு. வேண்டாம். நம் ஊர் டீசலுக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கான குளிர்காலத் தரம் 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் போயாக வேண்டும். மற்ற மாதங்களுக்கான வரம்பு 18 டிகிரி. எனவே அக்டோபரில் நிரப்பிய டேங்கோடு ஷெட்டில் நிற்கும் வண்டியில் லேசாக மெழுகு கட்ட வாய்ப்பு உண்டு. தினமும் ஓடும் வண்டியில் அதைத் தேட வேண்டாம். மண்ணெண்ணெய் டீசலின் வழவழப்பைக் குறைக்கும். டீசலையே மசகாக நம்பி ஓடும் பம்ப் தேய்ந்துபோகும்.

3. தொடங்கும் முன் மூன்று எச்சரிக்கைகள்

உருட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏற்காட்டில் பாதிப் பேர் இரவே வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். டீசல் காரில் பிரேக்குக்கு வேண்டிய வேக்குவத்தை எஞ்சின் சுற்றும் பம்ப்தான் தருகிறது. எஞ்சின் ஓடாவிட்டால் இரண்டு மிதியில் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு மேலே வைத்துச் செய்கிற காரியமா இது? தவிர, டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் கியர் போட்டு வெடுக்கென்று கிளட்சை விட்டால் பழைய பெல்ட் ஒரு பல் தாண்டும் அபாயமும் இருக்கிறது.

பெட்ரோல் நனைத்த துணி, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே இரண்டும் கூடாது. ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும் அறைக்குள் அந்த ஆவி போனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். எஸ்டேட் லைனில் ஒரு பையன் ஏர் ஃபில்டர் வாயில் துணியைப் பிடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். டமார் என்ற சத்தத்தோடு வண்டி ஓடத்தான் செய்தது. ஒரு மாதம் கழித்து ரிங் உடைந்திருப்பதாகச் சொன்னார்கள்.

இன்ஜெக்டர் பைப்பில் டீசல் வருகிறதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள். இந்தப் பழைய எஞ்சின்களிலும் நாசில் (டீசலைத் தூவும் இன்ஜெக்டர் முனை) நூறு பாருக்கு மேல்தான் திறக்கும்; அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

4. முந்தின இரவே செய்ய வேண்டியவை

காலையில் டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தால் அவசரத்தில் சாவியைத் திருப்பிவிடுவீர்கள். இரவே எடுத்து வைக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப் (ஒயரில் ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் கூர்முனையும் உள்ள சின்ன விளக்கு), 8, 10, 12 ஸ்பானர்கள், ஒரு ஜோடி ஜம்ப் கேபிள், டார்ச், ஒரு நோட்டு. கூடவே சைலன்சரைப் பார்க்க ஒரு ஆள்.

வண்டியை முடிந்தவரை சமதளத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் பக்கம் மேடாக நின்றால் டீசல் டேங்குக்குத் திரும்பி வடிவது எளிதாகிவிடும். அப்போது எது காரணம் என்று குழம்பும். மேடுதான் உங்கள் வழக்கமான இடம் என்றால் அதையும் பின்னால் ஒரு சோதனையாகவே பயன்படுத்தலாம், ஆனால் முதல் காலை சமதளம். டயருக்குக் கல் வைத்துவிடுங்கள்.

எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து பேட்டரி வோல்டேஜை அளந்து நோட்டில் எழுதுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவு 12.6, காலையில் 12.2 என்றால் ராத்திரியில் ஏதோ கரண்டைக் குடிக்கிறது, அல்லது பேட்டரியில் ஒரு செல் போய்க்கொண்டிருக்கிறது. இரவு அளவு இல்லாமல் காலை அளவை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது.

5. காலை: முதல் பத்து விநாடிகள்

உள்ளே இருக்கும் பானெட் லீவரை இரவே இழுத்து வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறக்கும் முன் பானெட்டைத் திறந்து பேட்டரியை அளந்துவிடுங்கள். கதவைத் திறந்தால் விளக்கு எரிந்து அளவு மாறும். 12.6 என்றால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்ற சோதனையெல்லாம் நாளைக்கு.

மீட்டரைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டுச் சாவியை ஹீட்டர் நிலைக்குத் திருப்புங்கள். வோல்டேஜ் சட்டென்று அரை வோல்டுக்கு மேல் இறங்க வேண்டும். நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்ப் அளவுக்கு இழுப்பதால் வரும் இறக்கம் இது. இறங்கவே இல்லை என்றால் ஹீட்டருக்குக் கரண்டே போகவில்லை. இவ்வளவு மலிவான சோதனை வேறு கிடையாது.

ஹீட்டர் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடியுங்கள், பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். அதற்குள் மூன்றைக் கவனிக்க வேண்டும்: செல்ஃப் சுற்றும் வேகம், அந்த நேரத்து வோல்டேஜ், சைலன்சரில் புகை. மூன்றையும் ஒரு ஆள் பார்க்க முடியாது, அதற்குத்தான் துணைக்கு ஆள். செல்ஃப் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. பத்து நாள் கழித்து மெக்கானிக்கிடம் "மெதுவா சுத்துச்சு" என்று சொல்வதைவிடச் சத்தத்தைக் கேட்க வைப்பது மேல்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு நிமிஷம் விட்டு அடுத்த பத்து விநாடி. தொடர்ந்து அடித்தால் பேட்டரியும் இறங்கும், செல்ஃப் மோட்டாரும் வேகும். மூன்றாவது முறையில் நீங்கள் சோதிப்பது காலைக் கோளாறையா, நீங்களே இறக்கிய பேட்டரியையா என்று தெரியாமல் போய்விடும்.

6. புகை என்ன சொல்கிறது?

துணைக்கு வந்தவர் சைலன்சருக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும். சரிவில் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் துளிப் புகை இல்லை: டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. எட்டாம் பகுதிக்குப் போங்கள்.

வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை, அல்லது தடதடவென்று ஒன்றிரண்டு சிலிண்டரில் பிடித்துத் திணறுகிறது: டீசல் போகிறது, பற்றவில்லை. சூடு போதவில்லை என்று பொருள். ஏழாம் பகுதி, அதிலும் பிடிபடாவிட்டால் ஒன்பதாம் பகுதி.

செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது: புகையை மறந்துவிடுங்கள். முதலில் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும், அதற்கு ஒன்பதாம் பகுதி. மெதுவாகச் சுற்றினால் நசுங்கும் காற்று ரிங் ஓரமாகக் கசியவும், சூடு சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. எல்லாம் நன்றாக இருக்கிற எஞ்சினும் அப்போது வெள்ளைப் புகைதான் விடும்.

இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல். பனிமூட்டத்தில் வெள்ளைப் புகை எது, நீராவி எது, மூடுபனி எது என்று கண்ணுக்குத் தெரியாது. மூக்கையும் கண்ணையும் நம்புங்கள். எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும், நெடி அடிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளை அட்டையைச் சைலன்சர் வாய்க்கு ஓரடி தள்ளிப் பிடியுங்கள். நீராவி காய்ந்துபோகும், டீசல் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருக்கும். கண்ணைக் கரிக்காமல் இனிப்பு வாடையோடு அடர்ந்த வெண்புகை தொடர்ந்து வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. அது வேறு கதை, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

7. வெள்ளைப் புகை: ஹீட்டர் பிளக் சோதனை

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். "லைட் அணைஞ்சிடுச்சு மாமா, ஹீட்டர் நல்லா வேலை செய்யுது" என்றான் என் தங்கை மகன். பழைய வண்டிகளில் டேஷ்போர்டில் எரிவது ஹீட்டரின் விளக்கு கிடையாது, டைமரின் விளக்கு. நாலு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அது அழகாக எரிந்து அழகாக அணையும்.

முதலில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை எஞ்சின் இரும்பில் மாட்டி, முனையைப் பிளக்குகளை இணைக்கும் பட்டையில் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றும் வேலையே வேண்டாம். அவற்றுக்கான பெரிய ஃப்யூஸ், ரிலே, ரிலேக்கு வரும் ஒயர் என்று பின்னோக்கிப் போங்கள். மலையில் ஈரம் அதிகம், ரிலேயின் கால்கள் பச்சை பூத்துக் கிடப்பது சகஜம். லேம்ப் எரிந்தாலும் அங்கே வோல்டேஜை ஒருமுறை அளந்துவிடுங்கள். பேட்டரியில் 11.8 இருக்கும்போது பட்டையில் 9 வோல்ட்தான் என்றால் ரிலேயின் உள்தொடுப்பு கருகியிருக்கிறது.

கரண்ட் சரியாக வந்தால் பட்டையைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கையும் தனியாகச் சோதியுங்கள். பட்டையோடு சோதித்தால் ஒரு நல்ல பிளக் மற்ற மூன்றையும் நல்லதாகக் காட்டிவிடும். இந்தத் தவறை மெக்கானிக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையைப் பிளக்கின் தலையில் வைத்தால் நல்ல பிளக்கில் விளக்கு பளிச்சென்று எரியும். மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலான பிளக்குகள் அரை ஓமுக்கும் ஒன்றரை ஓமுக்கும் இடையில் இருக்கும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துவிட மறக்காதீர்கள். மலிவான மீட்டரில் அதுவே அரை ஓம் காட்டும்.

நாலில் ஒன்று போயிருந்தால் வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும், முதல் அரை நிமிஷம் மட்டும் ஆட்டமும் புகையும் இருக்கும். இரண்டு போனால்தான் காலையில் அடம் பிடிக்கும். ஆக, அந்த அரை நிமிஷ ஆட்டத்தை அக்டோபரிலேயே கவனித்திருந்தால் ஜனவரியில் இந்த வேலை இல்லை.

பிளக்கைக் கழற்றுவதற்கு எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முந்தின நாளே அடியில் துரு எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். இறுகியிருந்தால் ஸ்பானருக்குப் பைப் போட்டு நீட்டாதீர்கள். பிளக் பாதியில் முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாக எடுக்க வேண்டும். புதிதாக வாங்கும்போது பழைய பிளக்கில் பொறித்துள்ள வோல்டேஜைக் காட்டி வாங்குங்கள். எல்லாமே 12 வோல்ட் கணக்கு கிடையாது. சில ஜப்பானிய எஞ்சின்களில் குறைந்த வோல்டேஜ் பிளக் வரும், மாற்றிப் போட்டால் ஒன்று சூடேறாது, அல்லது ஒரே நாளில் கருகும்.

கழற்றிய பிளக்கின் முனையைக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பரவாயில்லை. முனை உருகியோ தின்றுபோயோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் நாசில் தூவாமல் ஒழுகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் மறுபடி அதே நிலை. நாலு நாசிலையும் கழற்றிச் சேலத்தில் பம்ப், நாசில் பார்க்கும் கடையில் கொடுத்துத் தூவலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. புகையே இல்லை: டீசல் வழி

சாவியைத் திருப்பும்போது பம்பின் மேல் உள்ள ஸ்டாப் சாலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வ்) டிக் என்று சத்தம் போட வேண்டும். இல்லாவிட்டால் அதன் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள், செல்ஃப் அடிக்கும்போதும் வருகிறதா என்று பாருங்கள். சாவி சுவிட்ச் தேய்ந்த வண்டிகளில் செல்ஃப் நிலையில் மட்டும் அது அறுந்துபோகும்.

சாலினாய்டு நன்றாக இருந்தால் சந்தேகம் காற்றின்மேல். இதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். மறுநாள் செல்ஃப் அடிக்கும் முன் டீசல் ஃபில்டர் மேல் உள்ள ஹேண்ட் பம்பை அமுக்குங்கள். நாலைந்து அமுக்கிலேயே கெட்டியாகிவிட்டால் வழியில் டீசல் நிறைந்திருக்கிறது. இருபது, முப்பது அமுக்கு லொடலொடவென்று போய் அப்புறம்தான் கெட்டியானால், ராத்திரியில் டீசல் பின்னால் வடிந்து காற்று புகுந்திருக்கிறது. அதன் பிறகு வண்டி உடனே பிடித்துக்கொண்டால் வழக்கு முடிந்தது. அன்றைக்கு ஹீட்டரை இரண்டு தடவை போடுவது, ஆக்சிலரேட்டரை மிதிப்பது என்று வேறு எதையும் சேர்த்துச் செய்யாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

காற்று புகும் இடத்தைத் தேடும்போது வெளியே டீசல் கசிவைத் தேடாதீர்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பகுதியில் உறிஞ்சல்தான் நடக்கிறது. டீசல் ஒழுகாத மயிரிழை வெடிப்பு காற்றுக்குப் போதும். நான் பார்த்தவரை அடிக்கடி மாட்டுவது இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடும் துணி சுற்றிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ். முக்கியமாகக் கடைசி இன்ஜெக்டரின் முனையை மூடும் ரப்பர் தொப்பி. பத்து வருஷச் சூட்டில் அப்பளமாக இருக்கும். ஒரு அடி ஹோஸ் சில்லறைக் காசுதான். அடுத்து ஃபில்டர் ஹெட், ஹேண்ட் பம்பின் ரப்பர், பழைய செம்பு வாஷர், கிளிப் தளர்ந்த ஹோஸ்கள்.

இவற்றிலும் தெரியாவிட்டால் பம்புக்கு டீசல் வரும் ஹோஸுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியும் டீசல் ஹோஸ் ஒரு முழம் மாட்டுங்கள். இரவு நிறுத்தும்போது நிறைந்திருந்த டீசல் காலையில் எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பம்ப் பக்கம் மட்டும் காலியா, இரண்டு பக்கமும் காலியா என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூக்கை மேடாக நிறுத்திய இரவும் சமதளத்தில் நிறுத்திய இரவும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்க உதவும். சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் சூட்டில் நாளடைவில் இறுகி வெடிக்கும்.

ஃபில்டர் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிஷம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். வாரக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் எஸ்டேட் வண்டிகளில் இது தப்பாமல் இருக்கும். வடித்த பிறகு ஹேண்ட் பம்பால் ஏர் எடுத்துவிட்டுத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும்.

9. செல்ஃப் இழுத்தால், அல்லது எதிலும் பிடிபடாவிட்டால்

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் 9.6க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மாறாக, வோல்டேஜ் 10.5க்கு மேல் நின்றும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். வழியில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது.

இதைத் தெரியாமல்தான் நான் நன்றாக இருந்த பேட்டரியை மாற்றினேன். புதுப் பேட்டரியோடு மேலே வந்து மறுநாள் அடித்தால் அதே இழுவை. கடைசியில் குற்றவாளி எர்த் பட்டை, அதாவது பேட்டரி நெகடிவை பாடியோடும் எஞ்சினோடும் இணைப்பது. பாடியில் மாட்டும் இடத்தில் யாரோ பெயிண்ட் மேலேயே போல்ட்டை இறுக்கியிருந்தார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததும் சரியாகிவிட்டது. இப்போது யார் கேட்டாலும் இந்தச் சோதனையைத்தான் முதலில் சொல்கிறேன்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகடிவ் முனையில், மறு முனை எஞ்சின் இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை 0.5க்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் ஜம்ப் கேபிள் ஒன்றை நெகடிவ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நேராக மாட்டுங்கள். செல்ஃப் சட்டென்று வேகமெடுத்தால் எர்த் பட்டைதான்.

டெர்மினலில் உப்புப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50 போட்டிருந்தால், கம்பெனிக் கையேடு அனுமதித்தால், 15டபிள்யூ-40க்கு மாறலாம். குளிரில் சுற்றுவதற்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

செல்ஃப் வேகம் நன்றாக இருக்கிறது, ஹீட்டர் நாலும் எரிகிறது, காற்று இல்லை, ஆனாலும் வெள்ளைப் புகை விட்டுத் திணறுகிறது என்றால் டாப்பெட் இடைவெளி (வால்வை அழுத்தும் பாகத்துக்கு விடும் இடைவெளி), பம்ப் டைமிங் (டீசல் பீச்சும் நேரம்), நாசில், கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று நசுங்கும் அழுத்தம்). இந்த வரிசையில் கேளுங்கள், ஏனென்றால் செலவும் இதே வரிசையில் ஏறுகிறது. டாப்பெட் இடைவெளி குறைந்து வால்வ் முழுதாக மூடாமல் இருந்தால் கம்ப்ரஷன் போனது மாதிரியே நடிக்கும். எஞ்சின் வேலை என்று மதிப்பீடு வாங்கும் முன் அதைச் சரிபார்க்கச் சொல்வது உங்கள் உரிமை.

கம்ப்ரஷன் அளவை மலைமேல் எடுத்தால் சேலத்தில் வருவதைவிடக் குறைவாகத்தான் காட்டும், வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால். அந்த எண்ணைக் கையேட்டு வரம்போடு நேராக ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மூன்று 25 பார் காட்டி ஒன்று மட்டும் 18 என்றால் அந்த ஒன்றில் கோளாறு, எந்த ஊரில் அளந்தாலும்.

10. மெக்கானிக்கிடம் கொண்டு போக வேண்டிய சீட்டு

மூன்று காலை ஆனதும் உங்கள் நோட்டில் இப்படி நாலு வரி இருக்கும்:

"இரவு 12.6, காலை 12.5. ஹீட்டர் போட்டதும் 12.3தான், இறக்கம் குறைவு. செல்ஃப் வேகம் நன்று, 10.4. வெள்ளைப் புகை, கண் கரித்தது. ஹேண்ட் பம்ப் நாலு அமுக்கில் கெட்டி. ஹீட்டர் இரண்டு தடவை போட்டதும் பிடித்தது, முப்பது விநாடி ஆட்டம்."

இதைப் படிக்கும் எந்த மெக்கானிக்கும் பேட்டரியைத் தொடமாட்டார். நேராக ஹீட்டர் பிளக்குக்குப் போவார்.

வேலை முடிந்ததும் கடை வாசலில் வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். "ஒரு ராத்திரி மேலே நிறுத்திப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பழைய பிளக், ஹோஸ் எதுவானாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அன்றிரவு வண்டியை அதே இடத்தில், அதே சாய்வில் நிறுத்துங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன் பானெட்டைத் திறந்து மீட்டரை மாட்டிவிட்டு, அப்புறம் சாவி.